வாசலில் தேன்சிட்டு: கழுத்து நீலம் படத்தில் மட்டும் ஏன் கறுப்பாக வருகிறது?

செந்தூல்காரன் | சனி, இரவு 9.40

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் வரிசை வீடு எங்களுடையது. போர்ச்சில் காரை நிறுத்தியதுபோக மிஞ்சிய மண்ணில் ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, அம்மா வைத்த வாழை. தோட்டம் என்று சொல்லிக்கொள்ள இவ்வளவுதான். ஆனாலும் பறவைக்குக் குறைச்சல் இல்லை. தேன்சிட்டு ஜோடி ஒன்று தினமும் வருகிறது. கொண்டைக்குருவி, முராய் (குண்டுக்கரிச்சான்), புள்ளிப்புறா, எந்நேரமும் சண்டை போடும் மைனாக்கள் எல்லாம் உண்டு.

அண்ணன் புது கேமரா வாங்கியதும் தன் பழைய கேனன் டிஎஸ்எல்ஆரை 55-250 மி.மீ. லென்ஸோடு என்னிடம் தள்ளிவிட்டார். ஆண் தேன்சிட்டின் கழுத்து கண்ணுக்கு நீலமாக மின்னுகிறது, படத்தில் வெறும் கறுப்பு. அதுபோக, பெரும்பாலான படங்கள் கலங்கல். 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் பறவைப் பக்கமே போகாதே என்கிறான் நண்பன். பழைய லென்ஸ் ஏதாவது தேடலாமா, இல்லை இதிலேயே வழி இருக்கிறதா?

அறுநூறு_மிமீ | சனி, இரவு 10.05

நண்பர் சொல்வது சரிதான். 250இல் எடுத்து வெட்டி வெட்டிப் பெரிதாக்கினால் இறகு தெரியாது, புள்ளிதான் தெரியும். டேம்ரான் 150-600 ஜி2, சிக்மா 150-600 கன்டெம்பரரி இரண்டும் பழையதாகக் கிடைக்கும். கேமரா பாடியை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். முதலில் லென்ஸ்.

முருங்கைக்கிளை | சனி, இரவு 10.52

தம்பி, பணத்தை எடுத்து வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். நம்மூர்த் தேன்சிட்டு அலகோடு சேர்த்து சுமார் 11 செ.மீ. மூன்று மீட்டர் தூரத்திலிருந்து 250இல் எடுத்தால் உங்கள் கேமராவில் அது படத்தின் அகலத்தில் கிட்டத்தட்டப் பாதிக்கு வரும். ஆறு மீட்டர் தள்ளிப்போனால் கால்வாசி. வரிசை வீட்டு வாசலில் ஆறு மீட்டர் என்பதே பெரிய தூரம். அறுநூறு அண்ணன் சொல்லும் சிக்மாவுக்கு 2.8 மீட்டருக்குக் கிட்டே வந்தால் ஃபோகஸ் ஆகாது, டேம்ரானுக்கு 2.2. போர்ச்சில் நின்றுகொண்டு பின்னால் போக இடம் தேடுவீர்கள்.

உங்களுக்குத் தேவை பறவையை மூன்று மீட்டருக்குள் வரவிடும் ஒரு மறைவு. அது வாசலிலேயே நிற்கிறது: உங்கள் கார். மனித உருவம் தெரிந்தால் ஓடும் குருவி காரைக் கண்டு ஓடாது. கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பில் மடித்த துண்டைப் போட்டு, லென்ஸை அதன்மேல் வையுங்கள். இன்ஜின் ஓடக்கூடாது. வெயில் ஏறிய பிறகு உள்ளே உட்காரவே முடியாது, அதுவும் சொல்லிவிடுகிறேன்.

கலங்கலுக்கு வருவோம். ஷட்டர் வேகம் எவ்வளவு வைத்தீர்கள்? தானியங்கி முறையில் விட்டால் நிழலில் 1/125, 1/200 நொடி என்று இறங்கிவிடும். தேன்சிட்டு உட்கார்ந்திருந்தாலும் தலையை நொடிக்கொரு திசையில் வெட்டும். லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், குருவியின் அசைவை அது என்ன செய்யும்? 1/1000இலிருந்து ஆரம்பியுங்கள். பூ முன்னால் சிறகடித்து நிற்கும்போது பிடிக்க 1/2000, அதற்கும் மேல். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்திறனைத் தானாக ஓடவிட்டு, 3200இல் உச்சவரம்பு போடுங்கள். படத்தில் மணல் தூவியதுபோலத் தெரிந்தால் மென்பொருளில் துடைக்கலாம். அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, காலை 6.15

கழுத்து நீலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தம்பியின் கேள்வியே அதுதானே!

அந்த நீலம் சாயம் இல்லை. இறகின் உள்ளே மிக நுண்ணிய அடுக்குகள் உண்டு, அவற்றில் ஒளி பட்டுத் திரும்பும் கோணத்தில்தான் நீலம் பிறக்கிறது. கோணம் தவறினால் அதே இறகு கறுப்பு. நேரில் பார்க்கும்போது குருவி தலையைத் திருப்பத் திருப்ப எப்போதாவது ஒரு மின்னல் வருகிறது, நம் மனம் அந்த மின்னலை வைத்துக்கொண்டு கழுத்தே நீலம் என்று முடிவு செய்துவிடுகிறது. கேமரா நாம் அழுத்திய ஒரு நொடியை மட்டும் பார்க்கிறது. ஆகவே சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக இருக்க வேண்டும். குருவி உங்களைப் பார்த்து உட்கார வேண்டும். வயிற்று மஞ்சள் சாதாரண நிறமிதான், அது எந்த வெளிச்சத்திலும் வந்துவிடும்.

தாழ்ந்த வெயில் நம் ஊரில் அதிக நேரம் நிற்பதில்லை. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்க சூரியன் ஏறக்குறைய ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் எழும், எழுந்த வேகத்தில் நேராக மேலே ஏறும். 1982 புத்தாண்டில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள், நினைவிருக்கிறதா? அதற்கு முன் படமெடுத்தவர்கள் இதே வெயிலை ஆறரை, ஏழுக்கே பார்த்தார்கள். இந்த மார்ச்சில் உதயம் ஏழு இருபதுக்கு மேல், உச்சி பிற்பகல் ஒன்றேகால் வாக்கில். எட்டிலிருந்து ஒன்பதரை வரை உங்கள் நேரம். பத்துக்குப் பிறகு எடுப்பதெல்லாம் முதுகு வெளுத்து வயிறு இருண்ட படம்.

உங்கள் வாசல் எந்தத் திசை?

செந்தூல்காரன் | ஞாயிறு, காலை 8.30

மேற்கு, ஐயா. இப்போதுதான் புரிகிறது. காலையில் முழுக்க வீட்டு நிழலில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, காலை 8.41

அப்படியானால் வாசலுக்கு மாலை ஐந்தரைக்கு மேல்தான் யோகம், அதுவும் இந்த இரு பருவமழைக்கும் இடைப்பட்ட மாதத்தில் சாயங்கால இடிமழை விட்டால். காலையில் பின்கட்டுக்குப் போங்கள். அங்கே என்ன செடி இருக்கிறது?

செந்தூல்காரன் | ஞாயிறு, காலை 8.50

முருங்கை ஒன்று வேலியோரம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பின்சந்தில் வைத்த செரி மரமும் இருக்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

முருங்கைக்கிளை | ஞாயிறு, காலை 9.20

முருங்கையா! அடடா, என் பெயரைப் பாருங்கள். பூத்த முருங்கையை விடத் தேன்சிட்டுக்கு நல்ல இடம் வீட்டுப் பக்கத்தில் கிடையாது. இலை சின்னது என்பதால் குருவி மறையாது, பின்னணியும் மெல்லியதாகக் கரைந்துபோகும். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு மரத்தை வேரோடு வெட்டாமல் தலையை மட்டும் வருடாவருடம் கழிக்கிறோம். பூ கண் மட்டத்துக்கு வருகிறது. அண்ணாந்து எடுத்தால் வானம்தான் கிடைக்கும், குருவி நிழல் பொம்மை. அப்படித்தான் எடுக்க வேண்டிவந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1, +1.7 வரை ஏற்றுங்கள்.

செரி மரத்தை விட்டுவிடாதீர்கள். பழம் சிவந்தால் மலர்க்கொத்தி வரும். முதுகில் செங்கோடு போட்ட, கட்டைவிரல் அளவுக் குருவி. கூடவே செங்கண் கொண்ட பெர்லிங் மைனாக் கூட்டம், கொண்டைக்குருவி, சில நாள் பச்சைப்புறா. மாமரத்தில் ஒட்டும் புல்லுருவி விதையைப் பரப்புவதும் இந்த மலர்க்கொத்திதான். என் மாமியாருக்கு அதனால் அதன்மேல் தீராத கோபம்.

புதியவள் | ஞாயிறு, மதியம் 12.10

ஒரு சந்தேகம். நான் அடுக்குமாடியில் இருக்கிறேன், ஜன்னலில் கிரில். பால்கனிச் செடிக்கு வரும் கொண்டைக்குருவியை எடுத்தால் கம்பி குறுக்கே சாம்பல் பட்டையாக வருகிறது. என்ன செய்வது?

முருங்கைக்கிளை | ஞாயிறு, மதியம் 12.34

கம்பியை விட்டுத் தள்ளி நிற்காதீர்கள். லென்ஸ் வாயைக் கம்பி இடைவெளியில் ஒட்டி வைத்து, முழு ஸூமில், அபெர்ச்சர் திறந்து எடுங்கள். கம்பி கரைந்து காணாமல் போகும். கண்ணாடி வழியாக என்றால் அறை விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிக்கு நேர்க்குத்தாக வையுங்கள். சாய்ந்தால் பிம்பம் விழும்.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, மதியம் 1.02

முராய்க்கு மட்டும் ஒரு சேர்க்கை. கறுப்பும் வெள்ளையும் ஒரே உடம்பில். இருண்ட பின்னணியில் கேமரா கறுப்பைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், சிறகுப் பட்டையும் வயிறும் வெந்துவிடும். எக்ஸ்போஷரை -0.7 போட்டு எடுங்கள். கறுப்பைப் பிறகு ராவ் கோப்பில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) தூக்கிக்கொள்ளலாம், வெந்த வெள்ளையில் மீட்க எதுவும் இருக்காது.

செந்தூல்காரன் | சனி, காலை 10.15

ஐயா, அக்கா, நீலம் வந்துவிட்டது! இணைத்திருக்கிறேன். பின்கட்டு, முருங்கைப் பூ, காலை எட்டே முக்கால், 1/1250, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800. தலை கொஞ்சம் திரும்பியிருந்தால் தொண்டை முழுதும் மின்னியிருக்கும்.

ஆனால் விஷயம் வேறு. துணி காயப்போடும் கம்பியில் பை மாதிரி ஒன்று தொங்குகிறது. காய்ந்த இலை, சிலந்தி நூல், பிளாஸ்டிக் துணுக்கு. பக்கவாட்டில் வாசல், அதற்குமேல் சின்னத் தாழ்வாரம். பெண் தேன்சிட்டு மட்டும் வந்துவந்து வேலை பார்க்கிறது. ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு. அம்மா அந்தக் கம்பியில் துணி போடுவதையே நிறுத்திவிட்டார்.

முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும் வரை தொடராக எடுக்க ஆசை. வாசலைப் பாஷன் ஃபுரூட் கொடியின் இரண்டு இலை மறைக்கிறது. அதைக் கிள்ளிவிடலாமா?

பழைய_வாத்தியார் | சனி, காலை 10.22

கிள்ளாதீர்கள்.

அறுநூறு_மிமீ | சனி, காலை 10.40

இரண்டு இலைதானே ஐயா. மனித வாடை பட்டால் தாய் கூட்டை விட்டுவிடும் என்பதெல்லாம் பாட்டி கதை.

பழைய_வாத்தியார் | சனி, காலை 11.15

வாடை பாட்டி கதைதான், ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வது இலையைப் பற்றி. அது காகத்தின் கண்ணிலிருந்தும் பத்து மணி வெயிலிலிருந்தும் கூட்டை மறைக்கிறது. கூட்டை விட்டு எழமுடியாத குஞ்சு நேர் வெயிலில் சீக்கிரம் செத்துப்போகும். காகம் இன்னும் சீக்கிரம் வேலையை முடிக்கும். நாம் தினமும் ஒரே இடத்தில் போய் நின்று ஒரே பக்கம் பார்த்தால் அதையும் காகம் கவனிக்கும். நூறு வருடத்துக்கு முன் காப்பித் தோட்டப் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விடப்பட்டவை இந்தக் காகங்கள். நம் தாத்தாக்களைப் போலவே தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்து இங்கேயே ஊன்றிக்கொண்டவை. இளப்பமாக நினைக்காதீர்கள்.

முருங்கைக்கிளை | சனி, காலை 11.58

தம்பி ஆசையையும் முழுக்கத் தட்டிவிட வேண்டாம், ஐயா. தேன்சிட்டு மனிதர் நடமாட்டத்துக்குப் பக்கத்தில்தான் கட்டும், அதற்கு அது பழக்கம். கட்டும்போதும் அடைகாக்கும்போதும் கிட்டே போகவேண்டாம், அப்போதுதான் கைவிட்டுப் போகும் வாய்ப்பு அதிகம். குஞ்சு பொரித்து இரண்டும் இரை கொண்டுவரும் நாட்களில் சமையலறை ஜன்னலிலிருந்து, வீட்டுக்குள்ளே நின்று, சில நிமிடம் மட்டும் எடுங்கள். ஃபிளாஷ் கூடாது. தாய் வாயில் இரையோடு வந்து கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் நின்று கத்திக்கொண்டே இருந்தால், அது உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது. உடனே விலகிவிடுங்கள். அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு வெளியேற இன்னொரு இரண்டு வாரம். அம்மாவுக்கு வேறு கம்பி கட்டிக்கொடுங்கள்.

படத்தைப் பொதுவில் போடும்போது இடம் தெரியாமல் போடுங்கள். கைப்பேசிப் படத்தில் இருப்பிடக் குறிப்பு தானாக ஒட்டிக்கொள்ளும்.

அறுநூறு_மிமீ | சனி, மதியம் 12.20

தேன்சிட்டை யார் திருடப் போகிறார்கள் அக்கா? எல்லாவற்றுக்கும் பயந்தால் கேமராவைப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கூட்டை விடுங்கள், முராய்க்கு ஒரு வழி சொல்கிறேன். செல்லப்பிராணிக் கடையில் மீல்வார்ம் ஒரு டப்பா வாங்குங்கள். காய்ந்த கிளை ஒன்றை நட்டு, அதன் பின்னால் ஒரு சிரட்டையில் புழு. சில நாளில் முராய் நேரம் பார்த்து வந்துவிடும். பின்னணி, வெளிச்சம், கிளை எல்லாம் உங்கள் கையில்.

பழைய_வாத்தியார் | சனி, மதியம் 12.51

முராய்க்குத்தான் நான் பயப்படுகிறேன். பாடும் பறவை என்பதால் பிடித்து விற்கிறார்கள். சிங்கப்பூரில் அது அரிதாகிப் போனதற்கு இந்தப் பிடிப்பு ஒரு பெரிய காரணம். தீபகற்பத்தில் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம், வனவுயிர்த் துறையான பெர்ஹிலித்தான் நடவடிக்கை எடுக்கும். இருந்தும் பிடிக்கிறார்கள். மனிதன் வந்தால் புழு வரும் என்று நீங்கள் கற்றுக்கொடுத்த முராய், அடுத்த தெருவில் வலையோடு நிற்பவனிடமும் அதே நம்பிக்கையோடுதான் போகும்.

அறுநூறு_மிமீ | சனி, மதியம் 1.10

செம்பருத்தி வைப்பதும் தீனிதானே ஐயா? செரி மரமும் தீனிதானே? பூவை வைத்து அழைத்தால் தர்மம், புழுவை வைத்து அழைத்தால் பாவமா?

முருங்கைக்கிளை | சனி, மதியம் 1.45

நியாயமான கேள்வி அண்ணே. பூ நான் வீட்டில் இல்லாதபோதும் இருக்கும். குருவி தன் நேரத்துக்கு வரும், என்னைப் பார்த்துப் பழகாது. புழு நான் வந்தால்தான் வரும். எனக்கு அந்த வேறுபாடு போதும், உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். எப்போதாவது ஒரு சிரட்டைப் புழுவால் உலகம் அழியாது. ஆனால் பூச்சியைக் கிளையில் ஒட்டி வைப்பது, குஞ்சுக் குரலையோ எதிராளி முராயின் பாட்டையோ ஒலிபெருக்கியில் போட்டு அழைப்பது, இதெல்லாம் எனக்கு ஒப்பாது. எதிராளி இருப்பதாக நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு நிற்கும்.

இன்னொரு தொல்லை, சோற்றைப் போடுவது. நல்லெண்ணத்தில் போடுகிறோம், வருவது காகமும் ஜாவா மைனாவும் எலியும்தான். தேன்சிட்டு சோறு தின்னாது.

புதியவள் | சனி, மதியம் 2.05

தண்ணீர் வைக்கலாமா? மண்சட்டியில் வைத்தால் குளிக்க வருமாமே.

பழைய_வாத்தியார் | சனி, மதியம் 2.30

தாராளமாக. எனக்குத் தெரிந்து பறவையை வரவழைக்க இதுவே சிறந்த வழி. கொண்டைக்குருவி குளித்து உதறும்போது 1/2000இல் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு துளியும் தனியாக நிற்கும். ஆழம் இரண்டு விரற்கடை போதும், நடுவில் ஒரு கல். ஆனால் தினமும் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். சுகாதார அதிகாரி வந்து சட்டியில் புழுவைப் பார்த்தால், 1975ஆம் ஆண்டின் நோய்ப்பூச்சி ஒழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) வரை காம்பவுண்ட், அதாவது அபராதம், கொடுக்கலாம். முராய்க்கு வைத்தேன் என்றால் கேட்கமாட்டார்.

புதியவள் | சனி, மதியம் 2.41

ஹா ஹா, சரி ஐயா. கடைசியாக ஒன்று. காலையில் பால்கனிக் கதவைத் திறந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிடுகிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

அறுநூறு_மிமீ | சனி, மதியம் 3.00

ஏர்கான் அறையில் வைக்கிறீர்கள், அதான். குளிர்ந்த கண்ணாடியில் வெளி ஈரக்காற்று பட்டதும் நீராகும். துடைக்க வேண்டாம். முதல் நாள் இரவே கேமரா பையை ஏர்கான் இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துபோனால், பையை மூடியபடியே வெளியே வைத்து அரை மணி பொறுங்கள். நம்மூர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், அது பிடித்தால் செலவு பெரிது. டிரை கேபினெட் வாங்கி 40லிருந்து 50 சதவீத ஈரத்தில் வையுங்கள். வசதி இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. இதில் மட்டும் வாத்தியார் ஐயா என்னோடு சண்டை போடமாட்டார் என்று நினைக்கிறேன்.

பழைய_வாத்தியார் | சனி, மதியம் 3.04

போடமாட்டேன். சிலிக்கா நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் சட்டியில் மட்டும் வேண்டாம்.

செந்தூல்காரன் | ஞாயிறு, காலை 9.35

இலையைக் கிள்ளவில்லை. ஜன்னலோடு சரி. 600 லென்ஸும் இப்போதைக்கு இல்லை, அந்தக் காசில் டப்பாவும் ஈரமானியும் வாங்கிவிட்டேன்.

பின்சந்து செரி மரத்தில் ஒரு புதுக் குருவி. சிட்டுக்குருவி அளவு, மேலே பழுப்புச் சாம்பல், கீழே அழுக்கு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கண் ரொம்பப் பெரிசு. பழத்தைத் தொடவே இல்லை. விருட்டென்று பறந்து எதையோ பிடித்துக்கொண்டு அதே மொட்டைக் கிளைக்கு வந்து உட்காருகிறது. பறக்கும்போது ஒரு படமும் தேறவில்லை. இது என்ன?

முருங்கைக்கிளை | ஞாயிறு, காலை 10.02

பழுப்பு ஈப்பிடிப்பான். வடக்கிலிருந்து குளிருக்கு வந்து தங்கும் விருந்தாளி. மார்ச் கடைசி, ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பறப்பதைத் துரத்த வேண்டாம். கிளம்பிய கிளைக்கே பெரும்பாலும் திரும்பும். அந்த மொட்டைக் கிளையில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, 1/2000இல், திரும்பி இறங்கும் நேரத்தில் தொடர்ச்சியாக அழுத்துங்கள். சிறகு விரிந்த படம் கிடைக்கும்.

செந்தூல்காரன் | ஞாயிறு, காலை 10.06

இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போகிறேன் அக்கா.